வடிவக்கா வேலியில் விட்ட வழி

செல்வி பகலில் எனக்குப் போன் செய்ய மாட்டார். சுரங்க நிறுவன டவுன்ஷிப்பில் ஒப்பந்தத் துப்புரவு வேலை அவருக்கு; வேலை நேரத்தில் போனை வெளியே எடுக்க முடியாது. அதனால் அன்று காலை எங்கள் நிறுவன ஸ்டோர்ஸில் பேரிங் பெட்டிகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது அவர் பெயரைத் திரையில் பார்த்ததுமே கையிலிருந்த பெட்டியைக் கீழே வைத்துவிட்டேன்.

"அக்கா, வடிவம்மா போயிட்டாங்க" என்றார். காலைக் காபியைக் குடித்துவிட்டுப் பின்வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார் என்பதை, செல்வியின் தம்பி ஏழுமலை போனை வாங்கிச் சொன்னார்.

அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு ஸ்கூட்டரை எடுத்தேன். வடக்குத்துக்குத் திரும்பும் இடத்தில் லாரிகளுக்காக நின்றபோது வாட்ஸப்பில் ஒரு செய்தி வந்தது. அங்கே வடிவக்கா இருந்த மனைப்பிரிவில் வீடு கட்டியிருக்கும் பழைய சக ஊழியர் ஒருவர் அனுப்பியிருந்தார். தாமரைப்பூ, எரியும் விளக்கு, கூப்பிய கைகள். கீழே, 'பசுமைத் தாய் வடிவம்மாள் அவர்களின் மறைவு நமது நகருக்கு ஈடுசெய்ய முடியாத இழப்பு.' எழுதியவர் குடியிருப்போர் சங்கத் தலைவர்.

அந்த ஆளின் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. தெரிந்தவர்களுக்குத் தெரியும். வடிவக்காவுக்காக எழுதும் பக்கத்தில் அவர் பெயருக்கு இடமில்லை.

எனக்கு அப்போது அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. பசுமைத் தாயாம். அந்தத் தாயின் செடிகளை ஜேசிபி வைத்துப் பிடுங்கிப் போட்டவர்கள் யார்? அஞ்சலி எழுத உட்காரும்போது மனக்கசப்புகளை இறக்கிவைத்துவிட வேண்டும் என்பார்கள். இறக்கிவைக்க எனக்கு மனமில்லை. எங்களோடு ஸ்டோர்ஸில் வேலை பார்த்தவர்கள், பிளாக்கில் பக்கத்துப் பக்கத்துக் குவார்ட்டர்ஸில் இருந்தவர்கள், அவர் போட்டுக் கொடுத்த களாக்காய் ஊறுகாயைத் தின்றவர்கள் எல்லாரும் இதைப் படிக்க வேண்டும் என்பதற்காகத்தான் எழுதுகிறேன். ஊறுகாய் தின்றவர்கள் கட்டாயம் படிக்க வேண்டும்.

வடிவக்கா தென்காசிப் பக்கத்துக்காரர். கணவர் சுரங்கத்தில் வேலை பார்த்தவர், மஞ்சள்காமாலையில் போய்விட்டார். கருணை அடிப்படையில் இவருக்கு ஸ்டோர்ஸில் வேலை கிடைத்தது. மகன் செந்தில் அப்போது சின்னப் பையன். நான் ஈரோட்டுப் பக்கத்திலிருந்து வேலை கிடைத்து வந்தபோது எனக்கு அடுத்த மேசை அவருடையது. குவார்ட்டர்ஸும் பக்கத்திலேயே கிடைத்தது. இரண்டு வீட்டுக்கும் நடுவே இடுப்புயரக் கம்பிவேலி மட்டும்.

அவர் இனிமையானவர் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அவர் நாக்குக்குப் பயந்தே ஸ்டோர்ஸில் பாதிப் பேர் சரியாக எழுதிக்கொண்டு வருவார்கள். என்னையும் விட்டுவைத்ததில்லை. நான் வீட்டு முன்னால் ரோஜா வைத்தேன். எரு, டீத்தூள், முட்டையோடு, வெயிலுக்குத் துணி மறைப்பு என்று ஒரு குழந்தையை வளர்ப்பது போல வளர்த்தேன். ஒருநாள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துவிட்டுச் சொன்னார்: "ரோசா கெஞ்சும், சாந்தி. நீயும் அது பொறத்தாலேயே கெஞ்சிக்கிட்டு நிக்கிற. களா கெஞ்சாது." எனக்குச் சுருக்கென்றது. இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் டவுன்ஷிப் மாடு ஒன்று கேட்டைத் தள்ளிக்கொண்டு வந்து என் ரோஜாக்களை அடியோடு மேய்ந்துவிட்டுப் போனது. அவர் வீட்டுக் களாச்செடியில் ஒரு இலையைக்கூட அது தொடவில்லை. வடிவக்கா சிரிக்கவில்லை. ஒரு தேக்கரண்டி களாக்காய் ஊறுகாயைக் கிண்ணத்தில் போட்டு வேலிக்கு மேலாக நீட்டினார். அதுதான் அவர் ஆறுதல் சொல்லும் முறை.

களாச்செடியை அறியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கரும்பச்சையில் பளபளவென்று இலை இருக்கும், கோடையிலும் உதிராது. இலைக்கு இலை நேரான முள், இரட்டை இரட்டையாக. ஒடித்தால் பால் வடியும். சேலையில் பட்டால் கறை போகாது. பங்குனி, சித்திரையில் மல்லிகை போல வெள்ளையாகப் பூத்து மணக்கும். காய் முதலில் வெளுத்த பச்சை, பிறகு ஒரு பக்கம் சிவப்பேறும், பழுத்தால் கருஞ்சிவப்பு. காய் புளிக்கும், பழம் இனிக்கும். செம்மண் நிலத்தில் முந்திரித் தோப்பு ஓரங்களில் தானாக வளர்வது. வீட்டுத் தோட்டத்தில் இதை யாரும் வைப்பதில்லை. முள் என்று ஒதுக்கிவிடுவார்கள்.

வடிவக்காவுக்கு இது கிடைத்தது காடாம்புலியூரில். எங்கள் செக்‌ஷனில் ஒருவர் மகள் கல்யாணம். எல்லாரும் பட்டுச்சேலையில் மேடையேறிப் போட்டோவுக்கு நின்றோம். வடிவக்காவைக் காணவில்லை. தேடிப் போனால் மண்டபத்துக்குப் பின்னால் தோப்போரத்தில், முந்தானையில் களாப்பழத்தைப் பறித்துப் போட்டுக்கொண்டிருக்கிறார். பட்டில் பால்கறை. நான் தலையில் அடித்துக்கொண்டேன். "சேலை பொட்டிக்குள்ளதான் கெடக்கும். இது வெளைஞ்சு நிக்கும்" என்றார். அன்று மாலையே பழங்களைப் பிசைந்து விதையைக் கழுவி மணலும் எருவும் கலந்த பைகளில் போட்டுவிட்டார். களா விதை காத்திருக்காது, காய்ந்தால் முளைக்காது என்று சொன்னார். முளைத்த பிறகும் அது அவசரப்படாத செடி. ஒரு வருஷம் விரல் உயரம்தான் நின்றது. பார்க்கிறவர்கள் எல்லாம், 'இது என்ன, செத்துப்போச்சா?' என்று கேட்டார்கள். அவர் தண்ணீரைக் குறைத்தார். அதிகம் ஊற்றினால் இலை வரும், பூ வராது என்பார். மூன்றாவது கோடையில் பூத்தது. அந்தக் கோடை முழுக்க எங்கள் இரண்டு வீட்டிலும் ஜன்னலைச் சாத்தவில்லை.

ஓய்வு பெற்றால் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். அவர் வடக்குத்தில் ஒரு மனை வாங்கிச் சின்னதாக வீடு கட்டினார். குவார்ட்டர்ஸ் களாவின் பழங்களிலிருந்தே கன்றுகள் போட்டு, அவை முழங்கால் உயரம் வந்ததும் ஒரு குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். கட்டிலும் பீரோவும் அடுத்த நடைக்குத்தான்.

அந்த மனைப்பிரிவு முன்பு முந்திரித் தோப்பு. பின்னால் ஒரு தெரு. அதைக் காலனி என்பார்கள். தலைமுறை தலைமுறையாக ஊரான் நிலத்தில் கூலி வேலை செய்தவர்களின் வீடுகள். இன்று அங்கே கொத்தனார், எலக்ட்ரீஷியன், நர்ஸ், சுரங்கத்து ஒப்பந்தத் தொழிலாளர் எல்லாரும் இருக்கிறார்கள். தோப்பாக இருந்த காலத்தில் அந்தத் தெருக்காரர்கள் அதன் ஊடாக நடந்துதான் பஸ்ஸுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போவார்கள். தோப்பை அழித்து மனை போட்ட பிறகும் அந்த வழக்கம் தொடர்ந்தது. வீடுகள் வந்தன. சங்கம் வந்தது. சங்கம் முதலில் செய்த காரியம், மனைப்பிரிவின் பின்பக்கம் கடைசி மனைக்கு முன்வரை ஹாலோபிளாக் சுவர் எழுப்பியது. காரணம், பாதுகாப்பு.

வடிவக்காவின் மனை கடைசி மனை. பின்பக்க எல்லை அவருடைய சொந்த நிலத்துக்குள் வருகிறது. அவர் கையெழுத்தில்லாமல் அங்கே சுவர் வைக்க முடியாது. சங்கக் கூட்டத்துக்கு அவரைக் கூப்பிட்டார்கள். என்னையும் துணைக்கு அழைத்துப் போனார். தலைவர் நல்லவிதமாகத்தான் பேசினார். காலம் கெட்டுக்கிடக்கிறது, தனியாக இருக்கும் பெண்மணி, உங்கள் நன்மைக்குத்தான் சொல்கிறோம் என்றார். யாரும் அந்தத் தெருவின் பெயரைச் சொல்லவில்லை. 'கண்டவங்களும்' என்று மட்டும் திரும்பத் திரும்ப வந்தது.

வடிவக்கா பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார். "உங்க வீட்டுல பாத்திரம் கழுவ வாறவ எங்கேருந்து வாரா?" அவர்கள் எல்லார் வீட்டுக்கும் அந்தத் தெருவிலிருந்துதான் ஆள் வருகிறது. சுவர் வந்ததிலிருந்து மெயின்ரோட்டைச் சுற்றிக்கொண்டு வருகிறார்கள். பிறகு அவரே சொன்னார்: "வேலி ஆட்டுக்குப் போடுறது. ஆளுக்குப் போட்டா அதுக்குப் பேரு வேற. நான் என் எடத்துல வேலிதான் போடுவேன்."

போட்டார். பின்னெல்லை நெடுக களாக் கன்றுகளை நட்டார். நடுவில் ஓர் ஆள் தாராளமாக நடந்துபோகும் அளவுக்கு இடம் விட்டார். வீட்டுக்குப் பக்கவாட்டில் முன்பக்கத் தெருவரை கல் பதித்தார். அந்தப் பின்தெருவில் இருக்கும் செல்வி எனக்குப் பழக்கமானது அந்த நாட்களில்தான். குழி வெட்டியது செல்வியும் ஏழுமலையும். கூலி கொடுத்தபோது செல்வி வாங்கவில்லை. "எங்க வழிக்கு நாங்க குழி வெட்டறதுக்குக் கூலியாங்க?" என்று கேட்டதாக வடிவக்கா பிறகு என்னிடம் சொன்னார். சொல்லும்போது அவர் குரல் கொஞ்சம் மாறியது. எனக்குத் தெரிந்து அவர் குரல் மாறியது அந்த ஒரு முறைதான்.

ஆடு புகாமல் இருக்க மூங்கில் படல் ஒன்று வைத்தார். தள்ளினால் திறக்கும், விட்டால் மூடும். வேலி வளர்ந்தது. காய்ப்பு ஓய்ந்ததும் மழைக்கு முன்பே கவாத்து செய்வார். பிந்தி வெட்டினால் அடுத்த பூ போய்விடும், பூப்பது புதுத் துளிரின் நுனியில்தான் என்பார். வழியின் இரண்டு பக்கமும் தோள் உயரத்துக்குத் தினமும் காலையில் கத்தரியோடு நின்று முள்ளை மட்டும் நறுக்குவார். பள்ளிக்கூடம் போகும் பெண்பிள்ளைகளின் துப்பட்டா மாட்டிக்கொள்ளுமாம். ஒரு செடியை முள்ளுக்காகவே நட்டு, அதில் ஒரு பகுதிக்கு மட்டும் முள் இல்லாமல் பார்த்துக்கொண்ட பெண்மணியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. காய்க்கும் காலத்தில் யார் வேண்டுமானாலும் பறிக்கலாம். அவர் பங்குக்கு ஊறுகாய் போட்டு மனைப்பிரிவின் எல்லா வீட்டுக்கும் கொடுத்தனுப்புவார். தலைவர் வீட்டுக்கும்தான். இதில் எனக்கும் அவருக்கும் சண்டை. எதற்கு அந்த ஆளுக்குக் கொடுக்கிறீர்கள் என்று கத்தினேன். "பேருதான் சாந்தி" என்று சொல்லிவிட்டு பாட்டிலைத் துடைத்து வைத்தார். இன்றும் அந்த விஷயத்தில் எனக்கு அவர்மேல் கோபம் உண்டு. அவர்கள் ஊறுகாயை ருசித்துச் சாப்பிட்டார்கள். பாட்டிலைக்கூடத் திருப்பித் தரவில்லை.

இன்னொரு கோபமும் உண்டு. மூச்சு வாங்குகிறது என்று அவர் சொல்ல ஆரம்பித்தது தை மாதம். இதயக் கோளாறு என்று டாக்டர் புதுச்சேரி ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார். பூ எடுக்கிற நேரம், செடியை விட்டுப் போக முடியாது என்றார் வடிவக்கா. காய் பிடித்ததும் போகிறேன் என்றார். செடிக்கு யார் வேண்டுமானாலும் தண்ணீர் ஊற்றலாம், இதயத்துக்கு யார் ஊற்றுவது என்று நான் கேட்டேன். கடைசியில் செந்தில் பெங்களூரிலிருந்து வந்து வலுக்கட்டாயமாக அழைத்துப்போனான். நெஞ்சைத் திறந்து ஆபரேஷன். சில வாரங்கள் அங்கேயே இருந்தோம். மாறி மாறி நானும் செந்திலும்.

அந்த வாரங்களில்தான் அதைச் செய்தார்கள்.

செல்வி எனக்குப் போன் செய்து அழுதபோது நான் மருத்துவமனை வராந்தாவில் நின்றிருந்தேன். காலையில் ஜேசிபி வந்ததாம். வேலி முழுவதையும் வாரிக் குவித்துவிட்டு, மாலைக்குள் அஸ்திவாரம் தோண்டிச் சுவர் எழுப்பத் தொடங்கிவிட்டார்களாம். மேஸ்திரி கூட்டி வந்த கூலியாட்களில் ஏழுமலையும் ஒருவர். எந்த இடம் என்று தெரியாமல் வேலைக்கு வந்தவர், இடத்தைப் பார்த்ததும் கொத்துக்கரண்டியைப் போட்டுவிட்டுப் போய்விட்டார். வேறு ஆளை வைத்து முடித்தார்கள். காய் பிடித்த செடிகள். பிஞ்சு உதிர்ந்து தரையெல்லாம் கிடந்தது என்றார் செல்வி.

நான் தலைவருக்குப் போன் செய்தேன். அவர் குரலில் ஒரு கூச்சமும் இல்லை. "அக்கா ஊர்ல இல்லாத நேரத்துல பாதுகாப்பு வேணும் இல்லீங்களா? சங்கமே செலவு பண்ணிச் செஞ்சு குடுத்திருக்கு. அவங்களுக்கு ஒரு சுமை கொறஞ்சுது" என்றார். நான் என்ன பதில் சொன்னேன் என்பதை அச்சில் போட முடியாது.

வடிவக்காவிடம் யாரும் சொல்லவில்லை. தையல் பிரித்து வீட்டுக்குக் கூட்டிவந்த அன்று, காரைவிட்டு இறங்கியவர் நேராகப் பின்பக்கம் நடந்தார். செந்தில் கையைப் பிடித்துத் தடுத்தான். உதறிவிட்டார். சுவருக்கு முன்னால் நின்றார். வெயிலில் அது புதுச் சாம்பல் நிறத்தில் நின்றது. அதன் காலடியில் வெட்டுப்பட்ட களா வேர்கள். நான் அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அழுவார் என்று பயந்தேன். அவர் குனிய முடியாமல் குனிந்து ஒரு வேர்க்கட்டையை நகத்தால் கீறிப் பார்த்தார். உள்ளே பச்சை இருந்தது.

"விடும்மா. ஒடம்பப் பாரு. இவங்ககூடயெல்லாம் மல்லுக்கு நிக்க முடியாது" என்றான் செந்தில். அவன் கெட்டவன் இல்லை. தூரத்தில் இருப்பவன், பயந்தவன். அன்று அவனை அறைந்துவிடலாம் போல எனக்கு இருந்தது.

வடிவக்கா செல்வியைப் பார்த்து, தம்பியை வரச் சொல் என்றார். ஏழுமலை வந்தார். தயங்கி நின்றார். சங்கத்து ஆட்கள் சிலர் மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். "இது யாரு நெலம்?" என்று ஏழுமலையிடம் கேட்டார். "உங்களுதுங்க." "அப்போ சொவரு?" ஏழுமலை மாடியைப் பார்த்தார். "என் நெலத்துல நிக்கிற சொவரு என் சொவரு. பழைய எடத்துல ஒடை."

ஏழுமலை உடைத்தார். வடிவக்கா நெஞ்சைக் கையால் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து, கடைசிக் கல் விழும்வரை பார்த்தார். தலைவர் வாசலுக்கு வந்து, பேசித் தீர்த்திருக்கலாமே என்றார். வடிவக்கா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. புகார் கொடுங்கள் என்று நான் மன்றாடினேன். கொடுக்கவில்லை. உடைந்த கல்லை ஓரமாக அடுக்கச் சொன்னதோடு முடித்துக்கொண்டார். அது எனக்குப் போதவில்லை. இப்போதும் போதவில்லை.

வேர்கள் துளிர்த்தன. மழைக்குப் பிறகு சுவர் நெடுக, அதன் அடியிலிருந்தே, சிவந்த துளிர்கள் எட்டிப் பார்த்தன. களா அப்படித்தான், அடிக்கட்டை இருந்தால் போதும். ஆனால் பூப்பதற்கு அதற்குக் காலம் வேண்டும். அந்தக் காலம் இவருக்குக் கிடைக்கவில்லை.

இனி, அவர் போன நாளைச் சொல்ல வேண்டும்.

நான் போய்ச் சேர்ந்தபோது முன்வாசலில் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். மதியத்துக்குள் ஃபிளெக்ஸும் வந்துவிட்டது. தலைவர் வெள்ளை வேட்டியில் நின்று, வருகிறவர்களுக்கு நாற்காலி காட்டிக்கொண்டிருந்தார். தென்காசியிலிருந்து வடிவக்காவின் அண்ணன் கிளம்பிவிட்டார் என்றார்கள். செந்தில் பெங்களூரிலிருந்து மறுநாள் விடிந்ததும் வந்தான். உறவுகள், ஸ்டோர்ஸ் ஆட்கள், பழைய பிளாக்காரர்கள் எல்லாரும் வந்துவிட்டார்கள். செல்வியின் தெரு வரவில்லை. முதல்நாள் அழுதுகொண்டே இருந்த செல்விகூட மறுநாள் காலையில் இல்லை.

வெயில் ஏறிய பிறகுதான் வந்தார்கள். மெயின்ரோட்டுப் பக்கமிருந்து, பெண்களும் ஆண்களுமாக ஒரு கூட்டம். நடந்து வந்த களைப்பில் முகமெல்லாம் வேர்வை. சிலரிடம் மாலை இருந்தது, வெயிலில் வாடிவிட்டது. செந்தில் எழுந்து போய்ச் செல்வியிடம், ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்டான். அவன் கேட்டதில் குற்றமில்லை. வீடு பின்பக்கம்தானே, நாலு எட்டில் வரலாமே என்ற நினைப்பு.

"ராத்திரியோட ராத்திரியா தகரம் வச்சி அடைச்சிட்டாங்க தம்பி" என்றார் செல்வி. "ஆம்பளைங்க வேலைய வுட்டு வரணும், வூட்ல கெழவங்க இருக்காங்க. எல்லாரையும் இட்டுகினு சுத்திகினு வந்தோம்."

செந்தில் தலைவரைப் பார்த்தான். கூட்டம் அதிகமாகும், பொருள் ஏதாவது காணாமல் போனால் யார் பொறுப்பு, அதனால் தற்காலிகமாக ஓர் ஏற்பாடு என்று அவர் ஆரம்பித்தார். உள்ளே வடிவக்கா படுத்திருக்கிறார். அவர் சாம்பலாவதற்குள்ளே இவர்களுக்கு அவ்வளவு அவசரம்.

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் செந்தில் பின்பக்கம் போய்விட்டான். நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது தகரத்தை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தான். விளிம்பு கீறி உள்ளங்கையில் ரத்தம். ஏழுமலை வந்து கட்டுக்கம்பியை வெட்டினார். தகரம் சரிந்து விழுந்த சத்தம் பந்தல் வரை கேட்டிருக்கும். செந்தில் அங்கேயே நின்று அழுதான். அம்மா செத்துப்போனாள் என்று அவன் அழுதது அப்போதுதான்.

திரும்பி வந்து தாய்மாமனிடம் சொன்னான், அம்மாவைப் பின்வழியாகத் தூக்கிக்கொண்டு போகலாம் என்று. முன்வாசலில் அமரர் ஊர்தி நின்றுகொண்டிருந்தது. உறவுக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். வடிவக்காவின் அண்ணன், குனிந்த தலை நிமிராமல், "அந்தத் தெரு வழியாவா? நம்ம வழக்கம் என்ன, நாலு பேரு என்ன சொல்லுவாவ" என்றார்.

"அந்த நாலு பேரு தூக்க வரவேண்டாம் மாமா. தூக்குறதுக்கு ஆளு இருக்கு" என்றான் செந்தில். "வண்டி சுத்திக்கிட்டு வரட்டும்."

ஊர்தி சுற்றிக்கொண்டுதான் வந்தது. வடிவக்காவின் பாடையின் முன்பக்கம் ஒரு தோள் செந்தில், ஒரு தோள் ஏழுமலை. வழி குறுகலானது. சாய்த்துத்தான் கொண்டுபோக வேண்டியிருந்தது. தெருவில் ஒவ்வொரு வாசலிலும் தண்ணீர் தெளித்திருந்தார்கள். பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். பறை முழங்கியது. அண்ணன் பெரியவர் கொஞ்ச தூரம் பின்தங்கி நடந்தார். பிறகு வேகமாக நடந்து முன்னால் வந்து, பாடையின் கம்பில் கை வைத்துக்கொண்டார். சங்கத்துக்காரர்கள் யாரும் வரவில்லை. முன்வாசலிலேயே நின்றுவிட்டார்கள்.

இதோடு நான் முடித்திருந்தால் உங்களுக்கு மனசு ஆறியிருக்கும். ஆற வேண்டாம். பதினாறாம் நாள் காரியத்தில் தலைவர் மைக் பிடித்தார். வடிவம்மாள் பெயரில் நகரின் முகப்பில் பூங்கா அமைக்கப்போவதாகச் சொன்னார். செடிகளை அவர் குழந்தைகளைப் போல நேசித்தார் என்றார். கைதட்டினார்கள். என் பக்கத்தில் இருந்த பெண், எவ்வளவு நல்லா பேசறார் பாருங்க என்றாள். சாப்பாட்டுப் பந்தியில் யாரோ என்னிடம் கேட்டார்கள், அந்தக் களாக்காய் ஊறுகாய் இனிமேல் கிடைக்காதில்லையா என்று. நான் இலையை மூடிவிட்டு எழுந்துவிட்டேன்.

கை கழுவும் இடத்தில் செந்தில் என்னைத் தனியே கூப்பிட்டான். தலைவர் வீட்டை விலைக்குக் கேட்கிறாராம். சொந்தத்துக்கு இல்லை, சங்கத்துக்கு. நல்ல விலை தருவதாகச் சொல்கிறார்களாம். தன்னால் பெங்களூரை விட்டு வர முடியாது, பூட்டிப் போட்டால் மறுநாளே தகரம் வந்துவிடும், என்ன செய்வது அத்தை என்று கேட்டான். நான் அதிகம் யோசிக்கவில்லை. எனக்கு ஓய்வு நெருங்கிவிட்டது. குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு எங்காவது போகத்தான் வேண்டும். என் கணவருக்கு ஈரோட்டுக்கே திரும்பிவிட ஆசை. அவரிடம் கேட்காமலேயே, வாடகைக்கு நான் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். வீட்டில் அதற்கு ஒரு வாரம் சண்டை நடந்தது. வருவதற்கு ஒப்புக்கொண்டிருக்கிறார், ஊறுகாய் போடச் சொல்லக் கூடாது என்பது அவர் நிபந்தனை.

செய்தி எப்படியோ பரவி, போன வாரம் தலைவர் ஸ்டோர்ஸ் வாசலுக்கே வந்தார். கையில் ஆப்பிள் பழங்கள் நிறைந்த பை. நீங்கள் எங்கள் நகருக்கு வருவதில் எல்லாருக்கும் சந்தோஷம் என்றார். பழைய விஷயங்களை மனதில் வைத்துக்கொள்ளக் கூடாது என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அந்தப் பின்பக்கத்த மட்டும் ஒழுங்கு பண்ணிட்டா நல்லா இருக்குங்க. வீட்டுக்குள்ளாற வழி இருக்கறது நல்லதில்ல பாருங்க" என்றார்.

வடிவக்காவாக இருந்தால் ஒரே வரியில் அவர் வாயை அடைத்திருப்பார். எனக்கு அந்த நாக்கு இல்லை. "வழிதாங்க அங்க முதல்ல இருந்துச்சு. வீடுதான் அதுக்குள்ள வந்துச்சு" என்று சொல்லிவிட்டு ஆப்பிள் பையை அவர் வண்டியிலேயே மாட்டிவிட்டேன்.

அவர் போன பிறகும் வெகுநேரம் கை நடுங்கிக்கொண்டே இருந்தது. பயத்தால் இல்லை. வடிவக்காவிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்திருப்பது ஒரு வாடகை வீடும், துளிர்த்து நிற்கும் வேர்க்கட்டைகளும், இந்த நடுக்கமும்தான். மூன்றையும் வைத்துக்கொள்கிறேன். என் கோபம் தணிய வேண்டும் என்று யாரும் எனக்காக வேண்டிக்கொள்ள வேண்டாம். அவர் இருந்த இடத்தில் இப்போது அதுதான் இருக்கிறது.